கோமாளிக்குப் பாட்டு எதற்கு

கூத்தில் முதலில் வருகிறவன் ராஜாவும் அல்ல, சாமியும் அல்ல, கோமாளி. மத்தளம், ஆர்மோனியம், முகவீணை, தாளம் எல்லாம் சேர்ந்து களரி கட்டி, கடவுள் வாழ்த்துப் பாடி முடித்ததும் அவன் ஆடிக்கொண்டே வருகிறான். வாயைத் திறந்தால் பாட்டு. அதுவும் அவனைப் பற்றிய பாட்டு: கோமாளி வந்துவிட்டான், குல்லாவைப் பாருங்கள், முகத்துச் சுண்ணாம்பைப் பாருங்கள், விடிய விடிய உங்களைத் தூங்கவிடப் போவதில்லை. பாட்டின் நடுவிலேயே நின்று மத்தளக்காரரிடம் வம்புக்குப் போவான். "ஏனுங் வாத்தியாரே, நீங்க அடிக்கறதுக்கு நான் ஆடோணுமா, நான் ஆடறதுக்கு நீங்க அடிப்பீங்களா? மொதல்ல அதைப் பேசி முடிச்சுக்கலாம்" என்கிற வகையில் அந்தச் சண்டை போகும். பின்பாட்டுக்காரர் சமாதானத்துக்கு வருவார், அவருக்கும் ஒன்று விழும். ஒரு தீர்மானத்தில் சண்டை முடிந்து மறுபடி பாட்டு எழும். கதை இன்னும் தொடங்கவே இல்லை. ஆனால் கூத்து தொடங்கி அரைமணி நேரம் ஆகியிருக்கும்.

கோயம்புத்தூரிலிருந்து கிழக்கே போனால் பவானிக்கு அப்பால் ஈரோடு, நாமக்கல், சேலம் எல்லைகள் கலக்கும் காவிரிக் கரையோர ஊர்களில் இந்தக் கூத்து இன்றும் தொழிலாக நடக்கிறது. மாரியம்மன் நோம்பிக்கும் திரௌபதி அம்மன் திருவிழாவுக்கும் செட்டு பேசி அழைக்கிறார்கள். வட மாவட்டக் கூத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. புரிசை கண்ணப்பத் தம்பிரானின் பெயர் உலகமறிந்தது. 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமியின் கட்டுரைகள் படித்தவர்களின் கண்ணைக் கூத்தின் பக்கம் திருப்பின. மேற்குப் பக்கத்துக் கூத்துக்கு அந்த அளவு வெளிச்சம் கிடைக்கவில்லை. சேலம் மாவட்டம் ஏர்வாடியிலிருந்து மு. ஹரிகிருஷ்ணன் 'மணல்வீடு' இதழ் வழியாகவும் களரி அமைப்பு வழியாகவும் செய்துவரும் வேலை இல்லையென்றால் இங்குள்ள வாத்தியார்கள் பலரின் பெயர்கூட ஊர் எல்லையைத் தாண்டியிருக்காது.

கோமாளியின் இந்த வருகையைப் புரிந்துகொள்ள, இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஏதென்ஸ் நகரத்துக்குப் போய் வரவேண்டும் என்பது என் எண்ணம். பெருமைக்காக அல்ல. அங்கே எழுத்தில் தங்கியது இங்கே உடம்பில் தங்கியிருக்கிறது. ஒன்று இல்லாமல் மற்றொன்று பாதிதான் புரிகிறது.

அரிஸ்டோபனீஸ் என்ற நாடகக்காரர் கி.மு. 421இல் 'சமாதானம்' என்றொரு நகைச்சுவை நாடகத்தை மேடையேற்றினார். போரில் நொந்துபோன திராட்சைத் தோட்டக்காரன் ஒருவன், வானத்தில் இருக்கும் கடவுள்களிடம் நியாயம் கேட்கக் கிளம்புகிறான். வாகனம் ஒரு ராட்சத சாண வண்டு. சோக நாடகங்களில் வீரர்கள் பறக்கும் குதிரையில் போவார்கள். இவன் வண்டில் போகிறான். மேடைக்குப் பின்னால் ஒரு பாரந்தூக்கி, அதில் கயிறு கட்டி வண்டையும் ஆளையும் மேலே ஏற்றுவார்கள். பாதி உயரத்தில் வண்டு ஆடுகிறது. உடனே அந்த மனிதன் கடவுளையும் மறந்து வசனத்தையும் மறந்து, பாரந்தூக்கியை இயக்குபவனைக் கூப்பிட்டு, பார்த்துத் தூக்கப்பா என்று கெஞ்சுகிறான். கெஞ்சல் எழுதிவைத்த வசனந்தான், செய்யுளில்தான் இருக்கிறது.

கி.மு. 405இல் வந்த 'தவளைகள்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. நாடகம் தொடங்கும்போதே வேலைக்காரன் எஜமானனைக் கேட்கிறான்: ஜனங்கள் எப்போதும் சிரிக்கும் பழைய நகைச்சுவையில் ஒன்றை எடுத்துவிடட்டுமா? எஜமானன் வேறு யாருமல்ல, டயோனைசஸ். எந்தக் கடவுளின் திருவிழாவில் நாடகம் நடக்கிறதோ அந்தக் கடவுளே கோமாளியாக வருகிறார். கொஞ்ச நேரத்தில் பேய்க்குப் பயந்து மேடையைவிட்டு ஓடி, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தன் சொந்தப் பூசாரியிடமே காப்பாற்றச் சொல்லி முறையிடுகிறார். நம் ஊரில் மாரியம்மன் வேஷம் கட்டியவர் தர்மகர்த்தாவின் நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதை நினைத்துப் பார்க்கலாம்.

இந்த இடங்களைப் படிக்கிற நவீன வாசகருக்கு உடனே ஜெர்மன் நாடகக்காரர் பிரெக்ட் நினைவுக்கு வருகிறார். தமிழிலும் கூத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பிரெக்டின் தூரப்படுத்தல் வந்துவிடுகிறது. கட்டியக்காரன், அதாவது கோமாளி, கதையை நிறுத்திப் பேசுகிறான், ஆகவே மாயை உடைகிறது, ஆகவே பார்ப்பவர் சிந்திக்கிறார் என்ற வாதம். இது என்னைச் சமாதானப்படுத்தியதில்லை. உடைவதற்கு முதலில் மாயை இருக்கவேண்டும். பிரெக்ட் எதிர்த்தது விளக்கணைத்த அரங்கை; பார்ப்பவர் இருட்டில் மூச்சடக்கி உட்கார்ந்து, மேடையை ஒரு வீட்டின் உள்ளறை என்று நம்பும் ஐரோப்பிய அரங்கை. ஏதென்ஸில் நாடகம் பகல் வெளிச்சத்தில், அக்ரோபொலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் நடந்தது. ஆயிரக்கணக்கானவர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கூத்தில் மூன்று பக்கமும் சனம். பெட்ரோமாக்ஸ் போய் டியூப்லைட் வந்திருக்கிறது, அவ்வளவுதான். டீக்கடை திறந்திருக்கும், குழந்தைகள் களரி ஓரத்திலேயே தூங்கும். வேஷக்காரர் ஓரமாக உட்கார்ந்து பீடி பிடிப்பதை எல்லோரும் பார்ப்பார்கள். பத்து நிமிஷத்தில் அவரே துரியோதனனாக வந்து நிற்கும்போது யாருக்கும் எந்தக் குழப்பமும் வருவதில்லை. இங்கே இருப்பது ஓர் ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தை அவ்வப்போது சத்தமாக வாசித்துக் காட்டுகிறவன்தான் கோமாளி.

அந்த வாசிப்பு எப்போதும் பாட்டை ஒட்டியே நடக்கிறது என்பதுதான் நான் சொல்லவரும் விஷயம். பாட்டு அலங்காரத்துக்கு, கோமாளிப் பேச்சு சிரிப்புக்கு என்று பிரித்துப் பார்த்தால் இரண்டும் கெட்டுப்போகும். பாட்டுதான் வேஷத்துக்கும் ஊருக்கும் நடுவில் ஆளைக் கடத்துகிறது.

ஒரு ராஜபார்ட் வருகையை எடுத்துக்கொள்வோம். இரண்டு பேர் திரை பிடிக்கிறார்கள். திரைக்குப் பின்னாலிருந்து விருத்தம் எழும். தாளமில்லாத, நீண்ட இழுப்பு, சொற்கள் கனமானவை. பாடுவது துரியோதனன் வேஷக்காரர்தான், ஆனால் பாட்டு துரியோதனன் வந்தானே என்று படர்க்கையில் போகும். தன் கிரீடத்தை, புஜகீர்த்தியை, மார்புப் பதக்கத்தை, நடையைத் தானே வெளியில் நின்று வர்ணிக்கிறார். ராஜா இன்னும் பிறக்கவில்லை. பாடுகிறவர் ராஜாவைக் கூட்டிவருகிறார். திரை விலகியதும் தாளத்தோடு தரு, கிறுகிறுவென்று சுற்றும் ஆட்டம். அப்புறம் கோமாளி வழிமறிக்கிறான். வந்திருக்கிறவர் யார், எந்த ஊர், அப்பன் பேர் என்ன? ராஜா தன்மைக்கு மாறி, அஸ்தினாபுரம், குருகுலம் என்று வசனத்தில் முழங்குகிறார். கோமாளி சனத்தின் பக்கம் திரும்பி அதை மொழிபெயர்க்கிறான்: "அல்லாரும் கேட்டுக்கோங். இவுருதான் மூத்தவரு. தம்பிமாரு தொண்ணூத்தொம்போது. ரேசன் கார்டுக்கு மட்டும் தனியா ஒரு தாலுக்காபீசு வெச்சிருக்காங்." படர்க்கை விருத்தம், ஆட்டத்தோடு தரு, தன்மை வசனம், கொங்குப் பேச்சு. நாலு படி இறங்கி ராஜா ஊர்த் தரைக்கு வந்து சேர்கிறார். கடைசிப் படியில் சிரிப்பு வருவது மேலே மூன்று படி இருந்ததால்தான். விருத்தத்தை வெட்டிவிட்டு கோமாளியை மட்டும் வைத்துக்கொண்டால் அவன் வெறும் துணுக்குக்காரன்.

ஏதென்ஸ் நகைச்சுவையிலும் இதே கட்டுமானம், இன்னும் கறாராக இருந்தது. இருபத்து நான்கு பேர் கொண்ட பாட்டுக் குழு. குளவிகளாக, மேகங்களாக, பறவைகளாக வேஷமிட்டு ஆடிப்பாடும். நாடகத்தின் நடுவில் பாத்திரங்கள் எல்லாம் உள்ளே போய்விட, குழு மட்டும் முன்னால் வந்து சனத்தை நேருக்கு நேர் பார்க்கும். பரபாஸிஸ் என்று அதற்குப் பெயர். முதலில் நீள அடிகளில் கவிஞரின் சார்பாகப் பேச்சு: எங்கள் கவிஞரைப் போல இந்த ஊருக்கு உண்மை சொன்னவர் உண்டா, போன தடவை பரிசு தராமல் விட்டீர்களே என்று நேரடியாகவே கேட்கும். 'மேகங்கள்' கி.மு. 423இல் கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டது. பிறகு திருத்தி எழுதிய பிரதியில் அந்தத் தோல்விக்கே சனத்தைத் திட்டித் தீர்க்கிறார் அரிஸ்டோபனீஸ். இந்தப் பேச்சுக்குப் பின் ஒரு பாட்டு, ஒரு பேச்சு. மறுபடி அதே மெட்டில் ஒரு பாட்டு, அதே அளவில் ஒரு பேச்சு. பாட்டு தெய்வத்தை அழைக்கும், பேச்சு ஊரை வம்புக்கு இழுக்கும். சாமிக்கு ஒன்று, சனத்துக்கு ஒன்று. பாட்டுக்குள் வைத்துப் பொத்தியதால்தான் அந்தப் பேச்சுக்கு அவ்வளவு துணிச்சல்.

பாட்டு எப்படி அந்த உரிமையைத் தருகிறது? கூத்தைக் கிட்டத்தில் உட்கார்ந்து கவனித்தால் விடை கிடைக்கிறது. கோமாளி ஊர்ப் பெரியவர் ஒருவரைச் சீண்டுகிறான். அவர் முகம் மாறுகிறது. சனம் சிரிக்கிறது. அவர் பதிலுக்கு ஏதாவது சொல்ல வாயெடுப்பதற்குள் மத்தளம் விழுந்துவிடும், கோமாளி பாட்டுக்குள் போய்விடுவான். பாடுகிறவனிடம் யாரும் வாதாட முடியாது. மேலும், பாட்டுக்குத் தாளம் போட்டவர், பின்பாட்டுப் பாடியவர், ஆர்மோனியக்காரர் எல்லோரும் அந்தச் சீண்டலில் பங்காளிகள் ஆகிவிடுகிறார்கள். குத்தியது ஒரு ஆள் அல்ல, ஒரு செட்டு. அந்தச் செட்டை அழைத்து வந்தது ஊர். ஆகவே ஊரே தன்னைக் குத்திக்கொண்டது என்று ஆகிறது.

பணம் வரும் இடத்தைப் பார்த்தால் இந்த ஒற்றுமை இன்னும் தெளிவாகும். கூத்து உச்சத்தில் இருக்கும்போது யாரோ ஒருவர் எழுந்து வந்து நூறு ரூபாயை வேஷக்காரரின் சட்டையில் குத்துவார், அல்லது கோமாளியின் கையில் திணிப்பார். உடனே கதை நிற்கும். திரௌபதி அழுகையை நிறுத்திவிட்டு ஓரமாக நிற்பாள். கோமாளி கொடுத்தவரின் பெயர், ஊர், தகப்பன் பெயர் எல்லாம் கேட்டு, அவர் குலம் தழைக்க, காடு விளைய, கெணறு ஊற வாழ்த்திப் பாடுவான். பாடி முடித்ததும் திரௌபதி விட்ட இடத்திலிருந்து அழுவாள். இதைக் கூத்தின் சீரழிவு என்று சொல்லும் படித்தவர்கள் உண்டு. அவர்கள் 'பறவைகள்' நாடகத்தைப் படிக்கவேண்டும். கி.மு. 414இல் வந்த அந்த நாடகத்தில் பறவைக் குழு நேராக நடுவர்களிடம் பேரம் பேசுகிறது: எங்களுக்கு முதல் பரிசு கொடுத்தால் ஆந்தை முத்திரை போட்ட வெள்ளிக்காசு உங்கள் பைக்குள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும், கொடுக்காவிட்டால் நீங்கள் வெள்ளை உடுப்போடு வெளியே வரும் நாள் பார்த்து எல்லாப் பறவையும் சேர்ந்து எச்சமிடும். பணமும் பரிசும் நாடகத்துக்கு வெளியே நடக்கும் விஷயம் என்று இரண்டு ஊரும் பாசாங்கு செய்யவில்லை. யார் காசில் இந்த ராத்திரி நடக்கிறது என்பதையும் பாட்டிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

கடவுளே வேஷம் கட்டி மாட்டிக்கொள்ளும் கதைக்கு நாம் காவிரிக் கரைக்குப் போகவேண்டியதில்லை. கோயம்புத்தூருக்கு மேற்கே நொய்யல் கரையில் பேரூர் இருக்கிறது. சுந்தரர் தன்னைத் தேடி வருவதை அறிந்த பட்டீசுவரர், பள்ளர் வேஷம் பூண்டு, பச்சைநாயகி பள்ளத்தியாக உடன்வர, வயலில் இறங்கி நாற்று நடுகிறார். நந்தியிடம், இருக்குமிடத்தைச் சொல்லாதே என்று கட்டளை. நந்திக்குச் சுந்தரரிடம் பொய் சொல்ல மனமில்லை. வாயைத் திறக்காமல் கண்ணைக் காட்டிவிடுகிறது. வேஷம் கலைந்த கோபத்தில் சாமி மண்வெட்டியால் ஒரு போடு போட, நந்தியின் தாடை சிதைந்தது என்பது தலக்கதை. பதினெட்டாம் நூற்றாண்டில் கச்சியப்ப முனிவர் பாடிய பேரூர்ப் புராணம் இந்த ஊரின் கதைகளைச் சொல்லும் நூல். ஆனி மாதத்தில் நாற்று நடவு விழாவாக இது இன்றும் நடத்திக் காட்டப்படுகிறது. தேவேந்திர குல வேளாளர் அதில் உரிமையோடு பங்கேற்கிறார்கள்.

'தவளைகள்' நாடகத்தில் டயோனைசஸ் வீரன் ஹெராக்ளீஸின் சிங்கத்தோலைப் போர்த்திக்கொண்டு பாதாளத்துக்குப் போகிறார். ஆபத்து வரும்போதெல்லாம் வேஷத்தை வேலைக்காரன் தலையில் கட்டுகிறார், ஆபத்து போனதும் பிடுங்கிக்கொள்கிறார். கடைசியில் யார் நிஜக் கடவுள் என்று கண்டுபிடிக்க இருவரையும் வரிசையாக அடிக்கிறார்கள். யாருக்கு வலிக்கவில்லையோ அவர் கடவுள். பேரூர்க் கதையிலும் ஒரு வேஷம், ஒரு பணியாள், ஓர் அடி இருக்கின்றன. ஆனால் அடி விழுவது கடவுளுக்கு அல்ல, உண்மையைக் காட்டிக்கொடுத்த பணியாளுக்கு. ஏதென்ஸ் அந்த அளவுக்குத் தன் கடவுளைக் கீழே இறக்கியது. நாம் அவரை வயலில் இறக்கினோம், அடிவாங்க விடவில்லை. (மதுரையில் பிட்டுக்கு மண் சுமந்தவர் பிரம்படி பட்டார். அந்த அடி எல்லோர் முதுகிலும் விழுந்தது என்று சொல்லி அதையும் தெய்வீகமாக்கிக்கொண்டோம்.) பேரூர் விழாவில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கடவுளின் வேஷத்தைக் கூலி வேலை செய்த சனத்தின் உடம்பு வழியாகத்தான் காட்ட முடிகிறது. நிலத்தில் இறங்கி நாற்று முடிச்சைப் பிரிக்கும் கை யாருடையது என்பதை அன்று ஊர் முழுக்கப் பார்க்கிறது.

ஏதென்ஸில் பாட்டுக் குழுவில் ஆடியவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர், ஊர்க் குடிமக்கள். மாதக்கணக்கில் ஓர் ஆசிரியரிடம் பயின்று திருவிழாவில் ஏறினார்கள். செலவை ஒரு செல்வந்தர் ஏற்றார். இதற்கு நேர் இணை கொங்கில் இருக்கிறது, அது கூத்து அல்ல, வள்ளி கும்மி. ஊர்ச் சனம் வாரக்கணக்கில் சாயங்காலம் கூடி, ஆசிரியர் பாடப் பாட அடவு பழகி, கோயில் முன்னால் அரங்கேற்றம் செய்கிறார்கள். முன்பு ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த இந்த ஆட்டத்துக்குப் பெண்களையும் கொண்டுவந்தவர்களில் ஒருவரான கோவை பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. இன்று ஒரே சீருடையில் நூற்றுக்கணக்கான பெண்களும் ஆண்களும் குழந்தைகளும் வட்டமிட்டு ஆடுவது கொங்கின் பெரும் காட்சி. ஆனால் அந்த வட்டம் உள்நோக்கியது. வள்ளியும் முருகனும் தினைப்புனமும் பாட்டில் வருகின்றன. ஊரைப் பார்த்துத் திரும்பி ஒரு கேள்வி கேட்கும் இடம் அதில் குறைவு. ஏதென்ஸில் ஒரே உடம்பாக இருந்தவை கொங்கில் இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன. குடிமக்களின் பாட்டுக் குழு கும்மிக்குப் போனது. ஊரைச் சீண்டும் உரிமை கோமாளியிடம் தங்கியது. முன்னதற்கு மரியாதை அதிகம், பின்னதற்குக் குறைவு. சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை வள்ளி கதையே ஒருமுறை காட்டியது.

அது சுதந்திரப் போராட்டக் காலம். ஊர் ஊராகக் கொட்டகைகளில் நடந்த ஸ்பெஷல் நாடகத்தின் பொற்காலம் என்றும் சொல்லலாம். 1908இல் கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாளின் குரல் ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையின் கடைசி வரிசை வரை எட்டிய காலம். 'வள்ளி திருமணம்' எல்லா ஊரிலும் ஓடியது. கதை எல்லோருக்கும் தெரியும். சனம் வந்தது பாட்டுக்கு. வள்ளி தினைப்புனத்தில் பரண்மேல் நின்று பறவை விரட்டும் காட்சியில் ஒரு வெள்ளைக் கொக்கு நுழைந்தது. விரட்டப்பட்ட கொக்கு எது என்று கொட்டகையில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்தது. வாசலில் நின்ற போலீசுக்கும் தெரிந்தது. முருகன் வேஷத்தில் இத்தகைய பாட்டுகளைப் பாடிப் பலமுறை சிறை சென்றவர் எஸ்.எஸ். விஸ்வநாத தாஸ். மருத்துவர் சமூகத்தில் பிறந்ததால் அவருக்கு இணையாக நடிக்க மறுத்த நடிகைகளும் உண்டு. 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேஷத்தில், மேடையிலேயே, பாடும்போதே உயிர்விட்டார். இந்த வரலாற்றை 'தி மெசேஜ் பேரர்ஸ்' என்ற தன் 1981ஆம் ஆண்டு நூலில் முறையாகத் தொகுத்தவர் தாராபுரத்தில் பிறந்த சு. தியடோர் பாஸ்கரன்.

பிரிட்டிஷ் அரசு 1876இலேயே நாடகங்களைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்திருந்தது. பிரதியைப் படித்துத் தடை செய்யலாம், புராண நாடகம் என்று அனுமதியும் கொடுக்கலாம். ஆனால் பாட்டு பிரதிக்கு வெளியே இருந்தது. எந்த ஊரில் எந்த ராத்திரி எந்தப் பாட்டு நுழையும் என்று எந்த அதிகாரிக்கும் முன்கூட்டித் தெரியாது. முருகன் முருகனாகவே நின்றுகொண்டு, தேவலோகத்து மயிலோடு, காந்தியைப் பாடினார். யாரும் இது பொருந்தவில்லையே என்று கேட்கவில்லை. ஒரு பாத்திரம் தன் கதைக்கு வெளியே எட்டிப் பார்த்து ஊரோடு பேசலாம் என்ற உரிமையைக் கோமாளி பல தலைமுறையாகச் சனத்துக்குப் பழக்கியிருந்தான். தேசியப் பாட்டு அந்தப் பழக்கத்தின் மேல் ஏறி வந்தது. தவளைகள் நாடகத்தின் பரபாஸிஸில், குடியுரிமை இழந்தவர்களுக்கு அதைத் திருப்பிக் கொடுங்கள் என்று குழு ஊரைக் கேட்டது. அந்த அறிவுரைக்காகவே நாடகத்தை மறுமுறை நடத்த ஏதென்ஸ் அனுமதித்தது என்று பழைய குறிப்பு சொல்கிறது. அங்கே மறு அரங்கேற்றம், இங்கே சிறை.

இரண்டையும் ஒன்றென்று சொல்ல நான் வரவில்லை. அரிஸ்டோபனீஸ் அதிகாரத்தைப் பெயர் சொல்லி அடித்தார். கிளியோன் என்ற தலைவன் அவர்மேல் கி.மு. 426இல் வழக்குத் தொடுத்தான். இரண்டே வருஷத்தில் அவனை ஓர் அடிமையாகச் சித்தரித்து ஒரு முழு நாடகம் எழுதி முதல் பரிசும் வாங்கினார். அவர் சொத்துள்ள குடிமகன், சட்டத்தின் முன் கிளியோனுக்குச் சமம். நம் கோமாளிக்கு அந்தச் சமம் இல்லை. அவன் சீண்டும் பெரியவர் வீட்டில்தான் காலையில் சாப்பாடு, அடுத்த வருஷத்து முன்பணமும் அங்கேயிருந்துதான் வரவேண்டும். அவனுடைய சாதியை ஊர் ஒருபோதும் மறப்பதில்லை. ஆகவே அவன் கிண்டல் ஒரு வரம்புக்குள் சுற்றுகிறது. வரம்புக்குள் மேல்நோக்கிப் போகமுடியாத கிண்டல் பல நேரம் கீழ்நோக்கியும் பக்கவாட்டிலும் பாய்கிறது. பெண்களின் மீதுதான் அதிகம். அரிஸ்டோபனீஸிலும் அது குறைவில்லை. ஆபாசத்தைப் பற்றி முகஞ்சுளிப்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. திருவிழாவில் வளப்பத்தைப் பேசுகிற நாக்கு உடம்பைப் பேசாமல் இருக்காது. ஆனால் பெண் வேஷத்தை ஆண் கட்டி, அந்த வேஷத்தை இன்னொரு ஆண் கொச்சையாகப் பேசி, அதைப் பெண்கள் குழந்தையோடு உட்கார்ந்து கேட்கும்போது அங்கே கோமாளியின் துணிச்சல் எதுவும் இல்லை. அதே கோமாளி தாலுக்காபீசைப் பற்றிப் பேசும்போது இருக்கிறது.

இந்த உரிமை எப்படித் தேயும் என்பதற்கும் கிரேக்கம் ஒரு சான்று வைத்திருக்கிறது. அரிஸ்டோபனீஸுக்கு இரண்டு தலைமுறைக்குப் பின் மெனாண்டர் வந்தார். குடும்பக் கதை, காதல், தகப்பன் மகன் சண்டை, நல்ல முடிவு. நம் சினிமாவுக்கெல்லாம் தூரத்துப் பாட்டன். அவருடைய முழு நாடகம் ஒன்று எகிப்து மணலில் கிடைத்த பாப்பிரஸ் ஏட்டிலிருந்து 1958இல் அச்சானது. அதில் அங்கங்களுக்கு நடுவில் 'குழுவின் பாட்டு' என்று பொருள்படும் ஒரே ஒரு சொல் எழுதியிருக்கிறது. என்ன பாட்டு என்று இல்லை. நாடகக்காரருக்கு அதை எழுதவேண்டிய அவசியம் போய்விட்டது. இடைவேளையை நிரப்ப எதையாவது பாடினால் போதும். பாட்டு கதையிலிருந்து கழன்ற அதே காலத்தில் ஊரைப் பெயர் சொல்லிப் பேசும் பழக்கமும் நகைச்சுவையிலிருந்து பெருமளவு கழன்றுபோனது. ஏதென்ஸ் அப்போது மாசிடோனியர் கையில் இருந்தது என்பதை வரலாற்று ஆசிரியர்கள் காரணமாகச் சொல்வார்கள், சரிதான். ஆனால் பயம் மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. பேச்சைச் சுற்றி அணைத்திருந்த பாட்டு போனதும், தனித்து நிற்கும் பேச்சுக்கு அந்தத் தைரியம் கிடைக்கவில்லை.

நம் கூத்துப் பிரதிகளை எடுத்துப் பார்த்தாலும் ராஜாவின் விருத்தமும் தருவும் அச்சில் இருக்கும். கோமாளியின் பங்கு சில வரிகளுக்கு மேல் போகாது. அவன் பாடுவது அன்றன்றைக்கு, அந்தந்த ஊருக்கு. அச்சில் அது ஏறாததில் தவறில்லை. தவறு, அந்த வெற்றிடத்தைப் பார்த்துவிட்டு அங்கே ஒன்றுமில்லை என்று நினைப்பதில் இருக்கிறது. பட்டணத்துக் கலைவிழாவுக்குக் கூத்தை அழைப்பவர்கள் விடிய விடிய நடப்பதை ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கச் சொல்கிறார்கள். வாத்தியாரும் சுருக்கித் தருகிறார், பிழைப்பு. எதை வெட்டுகிறார்கள் என்று பாருங்கள். கதையை வெட்டுவதில்லை, சண்டைக் காட்சியை வெட்டுவதில்லை. முதல் அரைமணி கோமாளி வருகை போகும், விருத்தங்களில் பாதி போகும், அன்பளிப்புப் பாட்டு முழுசாகப் போகும். வேகமான, அழகான, யாரையும் பார்த்துப் பேசாத ஒரு கூத்து மிஞ்சும்.

வட்டாரக் கதைப்பாடலுக்கு ஒரு நல்ல முன்னுதாரணம் நம்மிடமே உண்டு. பிரெண்டா பெக் 1960களில் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி, அண்ணன்மார் கதையை உடுக்கைப் பாட்டாகவே ஒலிநாடாவில் பதிவுசெய்தார். அதே கதையைப் பாடகர் சொல்லி எழுதவைத்த வடிவத்தையும் வைத்து, சனத்தின் முன் பாடும்போது கதை எப்படி மாறுகிறது என்று ஒப்பிட்டு எழுதினார். கூத்துக் கோமாளிக்கு அந்த மாதிரிப் பதிவு வேண்டும். இப்போது எல்லார் கையிலும் கேமரா இருக்கிறது, யூடியூபில் விடிய விடிய ஓடும் கூத்துகளும் ஏறுகின்றன. அங்கேயும் பெரும்பாலும் ராஜபார்ட் வரும்போதுதான் பதிவு தொடங்குகிறது. யாராவது நூறு ரூபாயோடு எழுந்து வந்தால் நிறுத்திவிடுகிறார்கள். வருகிற மாசி, சித்திரை நோம்பிகளில் பதிவு செய்யப் போகிறவர்கள் களரி கட்டுவதற்கு முன்னாலேயே கருவியை ஓடவிட வேண்டும், மத்தளக்காரர் பக்கம் ஒரு மைக்கும் சனத்தின் பக்கம் ஒரு மைக்கும் வைக்கவேண்டும், பணம் கொடுத்தவர் பெயரைக் கோமாளி பாடும்போது நிறுத்தக்கூடாது. ஒரே கோமாளியை மூன்று ஊரில் தொடர்ந்து பதிவுசெய்தால், எது பாடத்தில் இருப்பது, எது அந்த ஊரைப் பார்த்துப் பிறந்தது என்று பிரித்துக் காட்ட முடியும்.